பெரம்பூர் ஜெர்மன் வகுப்பு: பரீட்சைக்கு ஓகே, லிச்சென்ஸ்டைனுக்கு?

பெரம்பூரில் ஒரு மாடியில் நடக்கும் இந்த ஜெர்மன் வகுப்பில் இலக்கணம் சுத்தமாகச் சொல்லித் தருகிறார்கள், பரீட்சைக்கு அது தாராளம். ஆனால் சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவில் இருக்கும் குட்டி நாடான லிச்சென்ஸ்டைனுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே பாடம் போதும் என்று மாஸ்டர் அடித்துச் சொல்வது கொஞ்சம் ஓவர். அங்கே ஆட்சி மொழி ஜெர்மன்தான், எழுதுவதும் அதில்தான், ஆனால் வீட்டிலும் கடையிலும் பேசுவது அலெமானிக் என்கிற ஜெர்மன் வட்டார வழக்கு. மொத்த நாடே 160 சதுர கிலோமீட்டர், அதற்குள்ளேயே ஊருக்கு ஊர் பேச்சு மாறும், மலைமேல் இருக்கும் ட்ரீசன்பெர்க் ஊரிலோ 1300 வாக்கில் சுவிட்சர்லாந்தின் வாலிஸ் பகுதியிலிருந்து வந்து குடியேறிய வால்சர்களின் பேச்சு இன்னும் தனியாக நிற்கிறது. கேட்டால் மாஸ்டர், "அதெல்லாம் அங்க போனா தானா வரும்பா" என்கிறார். சரி, வரட்டும், அந்தப் பேச்சில் ஒரு ஆடியோவாவது போட்டுக் காட்டலாமே? ஃபீஸ் நியாயம்தான். சாயங்கால பேட்சில் ஃபேன் மட்டும் ஓடாது.