பெட்டிக்கு ஒரு மதிப்பெண், மேலுறைக்கு ஒரு மதிப்பெண்

சீல் பிரிக்காத பழைய வீடியோ கேம் ஒன்று கைக்கு வந்ததும், கிரேடிங்குக்கு, அதாவது நிலையைப் பார்த்து மதிப்பெண் போட்டுத் தரும் நிறுவனத்துக்கு, அனுப்புவதா, நாமே ஒரு புரொடெக்டரில், அதாவது ஒளி ஊடுருவும் காப்புறையில், போட்டு வைத்துக்கொள்வதா என்ற கேள்வி வந்துவிடும். இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்று நினைவில் இருக்க வேண்டும்: உங்களிடம் இருப்பவை இரண்டு பொருள்கள். உள்ளே அட்டைப் பெட்டி, வெளியே சுருங்கி இறுகிய பிளாஸ்டிக் மேலுறை. அட்டை ஈரத்தை இழுத்து உப்பும். மேலுறை விட்டுக்கொடுக்காது, மூலையில் பிளந்துகொள்ளும். சூடு பட்டால் மேலுறை இன்னும் சுருங்கி அட்டையை வில் போல வளைக்கும். ஒவ்வொரு வழியும் இந்த இரண்டையும் எப்படி நடத்துகிறது என்பதுதான் என் அளவுகோல்.

கிரேடிங்கை முதலில் பார்ப்போம். 2018-இல் மதிப்பிடத் தொடங்கிய வாட்டா என்ற நிறுவனம், பெட்டிக்கு 10-க்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண்ணும், மேலுறைக்கு ஏ++, ஏ+, ஏ, பி+ என்று தனியாக ஓர் எழுத்துத் தரமும் தருகிறது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இயங்கிவந்த விஜிஏ என்ற இன்னொரு நிறுவனம், 100-க்கு ஒரே எண்ணில் முடித்துவிடும். ஒரே எண் நினைவில் வைக்க எளிது. ஆனால் 80 என்று எழுதியிருந்தால் அட்டை மூலை மழுங்கியதா, மேலுறை கிழிந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? அட்டையில் விழுந்த மடிப்பு இனி வளராது. மேலுறையில் விழுந்த கிழிசல் வளரும். வாங்குகிறவருக்கும் பாதுகாக்கிறவருக்கும் இந்த வித்தியாசம் உயிர்நாடி. 2021 ஜூலையில் 15,60,000 டாலருக்கு ஏலம் போன சூப்பர் மாரியோ 64-இன் தரம் 9.8 ஏ++. அந்த இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதி முழுச் செய்தியைச் சொல்லாது. என் ஓட்டு இரட்டைத் தரத்துக்கே.

எந்த நிறுவனத்துக்கு அனுப்பினாலும், அதற்கு முன் நீங்களே பாருங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பெட்டியின் பக்கவாட்டில் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். நேர் வெளிச்சத்தில் வழுவழுவென்று தெரிந்த முகப்பில் சிறு பள்ளங்களும், கட்டைவிரல் அழுத்திய தடமும், மூலையிலிருந்து கிளம்பும் முடியிழை போன்ற கோடுகளும் நிழலோடு எழுந்து நிற்கும். அந்தக் கோடு மேலுறையில் மட்டும் இருக்கிறதா, அட்டைக்கும் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். டார்ச்சை அசைக்கும்போது கோட்டின் பளபளப்பும் சேர்ந்து ஓடினால் பெரும்பாலும் அது மேலுறையின் சுருக்கம். அசையாமல் வெள்ளையாகவே நின்றால் அட்டை முறிந்திருக்கிறது.

அடுத்தது, மேலுறை ஆலையில் போட்டதுதானா, பிறகு யாரோ போட்ட போலியா என்று காட்டிக்கொடுக்கும் இணைப்புக் கோடு. நிண்டெண்டோவின் பழைய கேம் கருவியான என்இஎஸ்ஸுக்கு வந்த கேம் பெட்டிகள் பலவற்றில் பின்பக்க நடுவே குறுக்காக ஓர் இணைப்பு ஓடும். இரு ஓரங்களின் இணைப்போடு சேர்த்துப் பார்த்தால் ஹெச் எழுத்துப் போலிருக்கும். பிளேஸ்டேஷன் குறுந்தகட்டு உறைகளில் முனைகளை அஞ்சல் உறை போல மடித்திருப்பார்கள். அது ஒய் மடிப்பு. 1985-இல் வந்த முதல் என்இஎஸ் பெட்டிகளில் மேலுறையே கிடையாது, வட்டமான ஸ்டிக்கர்தான் சீல். ஆகவே அந்த முதல் அச்சைச் சேர்ந்த பெட்டி ஒன்று மேலுறையோடு வந்தால் கேள்வி கேட்க வேண்டும். காற்று வெளியேற ஆலையிலேயே போட்ட ஊசித்துளைகள் சில மேலுறைகளில் உண்டு. அவற்றைச் சேதம் என்று எண்ணிவிடாதீர்கள்.

இனி வைக்கும் முறை. பெட் (PET, தண்ணீர்ப் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) புரொடெக்டர், அக்ரிலிக் பெட்டி, கிரேடிங் நிறுவனம் மதிப்பெண்ணோடு மூடித் தரும் கெட்டியான பிளாஸ்டிக் கூடான ஸ்லாப் என்று போட்டி மூன்றுக்குள். மென்மையான பிவிசி உறைகளை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தொடக்கத்தில் அப்படி ஒன்றில் வைத்த பெட்டியை இரண்டு ஆண்டு கழித்து எடுத்தபோது, உறை மேலுறையோடு ஒட்டிக்கொண்டு பிசுபிசுவென்று பிரிந்து வந்தது. பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் கசிவதால் வரும் வினை இது. பெட் அப்படிக் கசிவதில்லை, விலையும் குறைவு, வேண்டும்போது திறந்து பார்க்கலாம். அளவு மட்டும் கச்சிதமாக இருக்கக் கூடாது. பெட்டியை உள்ளே நுழைக்கும் அந்த ஒரு நொடியில்தான் மேலுறையின் மடிப்பு முனை புரொடெக்டரின் விளிம்பில் மாட்டிக் கிழியும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி போதும்.

அக்ரிலிக் உறுதியானது, மேலே எதுவும் விழுந்தால் தாங்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வகையும் கிடைக்கிறது. அதை நம்பி ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மையை வெளுக்கச் செய்யும். என்னிடம் உள்ள ஒரு பெட்டியின் மேலுறையில் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. பசை காய்ந்து ஒருநாள் அது தானே விழுந்தபோது, அடியில் தபால் தலை அளவுக்கு ரத்தச் சிவப்பு. சுற்றிலும் நான் இத்தனை நாள் அசல் நிறம் என்று நம்பிக்கொண்டிருந்தது வெளிறிய செங்கல் நிறம்.

ஸ்லாப்பின் பலம், பிறர் கை நேரடியாகப் படாது என்பது. விற்கும்போது பேச்சும் குறையும். ஆனால் அது காற்றுப் புகாத பெட்டகம் ஆகாது. அறையின் ஈரம் உள்ளேயும் போகும். பெட்டி உள்ளே ஆடினால் பயணத்தில் மேலுறையின் மூலைகள் தேயும். கையில் வந்ததும் காதருகே வைத்து லேசாகச் சாய்த்துப் பாருங்கள், சத்தம் கேட்டால் அனுப்பியவரிடம் சொல்லுங்கள்.

மூன்றில் எதுவானாலும் அறையைச் சரிசெய்யாமல் பயனில்லை. ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு, வெப்பம் 20 டிகிரியை ஒட்டி, இரண்டும் ஏறி இறங்காமல். ஒருநாள் 70, மறுநாள் 40 என்று ஊசலாடினால் அட்டை உப்பி வற்றும், ஒவ்வொரு முறையும் மேலுறை இழுபடும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை அள்ளிப் போட்டுக் காயவைப்பதும் தவறு. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம்போல் நிறுத்துங்கள்.

ஆகவே என் பிரிவினை இப்படி: விற்கப் போவதும், போலியாக இருக்குமோ என்ற ஐயத்துக்கு இடமிருப்பதும் இரட்டைத் தரம் தரும் கிரேடிங்குக்கு. வைத்துக்கொள்ளப் போவது பெட் புரொடெக்டரில், கதவுள்ள அலமாரியில், ஈரமானி ஒன்றோடு. ஆண்டுக்கு ஒருமுறை அதே கோணத்தில் டார்ச் பிடித்து நான்கு மூலைகளையும் படமெடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடுகிறேன். கிழிசல் ஒரு மில்லிமீட்டர் நீண்டாலும் அதில் தெரிந்துவிடும்.