ஏர்பேக் விளக்கை அணைக்காமல் பழுதைத் தேடிய பட்டறை

ஏழு ஆண்டுகளாக நாங்கள் ஓட்டிவரும் காரில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு சென்ற மாதம் எரியத் தொடங்கியது; பிறகு அணையவே இல்லை. அதே வாரத்தில் ஹாரனும் விட்டுவிட்டுத்தான் அடித்தது. முதலில் வீட்டுக்கு அருகிலுள்ள வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஸ்கேனரை மாட்டிக்கூடப் பார்க்காமல், "ஒரு ரெசிஸ்டர் போட்டுவிட்டால் விளக்கு அணைந்துவிடும் சார், ஐந்நூறு ரூபாய்தான்" என்றார்கள். ரெசிஸ்டர் என்பது மின்சாரத்துக்குத் தடை தரும் ஒரு சிறிய பாகம். மனம் ஒப்பாமல் அங்கிருந்து திரும்பி, நண்பர் ஒருவர் சொன்னதன்பேரில் இந்தப் பட்டறைக்கு வந்தேன்.

இங்கே மூத்த மெக்கானிக் கேட்ட முதல் கேள்வியே, "ஹாரன் ஒழுங்காக அடிக்கிறதா சார்?" என்பதுதான். ஸ்டீயரிங் எந்தப் பக்கம் எத்தனை சுற்றுத் திரும்பினாலும் ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் மின்சாரம் அறுபடாமல் போவதற்காக, அதன் அடியில் கிளாக் ஸ்பிரிங் என்ற வட்டமான பாகத்துக்குள் ஒரு தட்டையான நாடா சுருண்டிருக்கும் என்றும், இரண்டும் ஒன்றாகக் கெட்டால் சந்தேகம் முதலில் அதன்மேல்தான் விழும் என்றும் விளக்கினார். ஆனாலும் சந்தேகத்தை நம்பிப் பாகத்தை மாற்றிவிடவில்லை. ஸ்கேனரைப் பொருத்தி, ஓட்டுநர் பக்க ஏர்பேக் சுற்றில் மின்தடை அதிகமாக இருப்பதாகப் பதிவாகியிருந்த பழுதுக் குறியீட்டை எனக்குக் காட்டினார்.

அந்தக் குறியீடு எப்படிப் பதிவாகிறது என்பதையும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். கியர் லீவருக்குக் கீழே தரையோடு இறுக்கப்பட்டிருக்கும் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி, தனக்குள் இருக்கும் சென்சாரையும் முன்பக்க பம்பருக்குப் பின்னால் உள்ள சென்சாரையும் கொண்டு, வண்டியின் வேகம் எவ்வளவு திடீரென்று குறைகிறது என்பதை இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கிறது. பள்ளத்தில் இறங்கினாலும் பிரேக்கை அழுத்தி மிதித்தாலும் அது அசைந்துகொடுப்பதில்லை. மோதல்தான் என்று முடிவானால், ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள், பைக்குப் பின்னால் உள்ள பற்றவைப்பானுக்கு மின்சாரத்தை அனுப்பிவிடுகிறது. அங்குள்ள ரசாயனம் எரிந்து வெளியாகும் வாயு நைலான் பையை நிரப்புகிறது. நாம் கண்ணை இமைத்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. மோதலே இல்லாத நாட்களிலும் இந்தப் பெட்டி பற்றவைப்பான் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தைச் செலுத்தி, ஏறத்தாழ இரண்டு ஓம் மின்தடை இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அளவு மாறினால் விளக்கு எரியும். அப்படி எரியும்போது விபத்து நேர்ந்தால் பை விரியாமலே போகலாம்.

பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, பெட்டிக்குள் தேங்கியிருக்கும் மின்சாரம் வடியட்டும் என்று பத்து நிமிடம் காத்திருந்த பிறகே ஸ்டீயரிங்கைத் தொட்டார். கழற்றிய ஏர்பேக்கை உடம்பை விட்டு விலக்கிப் பிடித்துக்கொண்டுபோய், காலியான மேசையின்மேல் அதன் மேல்மூடி வானம் பார்க்கும்படி வைத்தார். அது இருந்த இடத்தில் ஓர் இரண்டு ஓம் ரெசிஸ்டரை இணைத்து மறுபடி ஸ்கேன் செய்தபோது பழுது அப்படியே இருந்ததால், பையில் குறையில்லை என்று தெரிந்தது. மீண்டும் பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்து, அதே ரெசிஸ்டரைக் கிளாக் ஸ்பிரிங்குக்கு முன்னால் உள்ள மஞ்சள் கனெக்டரில் இணைத்ததும் பழுது நீங்கியது. முதல் பட்டறையில் கட்டுப்பாட்டுப் பெட்டியை ஏமாற்றுவதற்காகப் பொருத்தப் பார்த்த அதே பொருள், இங்கே உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு மெக்கானிக்கின் சட்டைப் பைக்குத் திரும்பிப் போனது.

பழைய கிளாக் ஸ்பிரிங்கை என் முன்னிலையிலேயே பிரித்தார். நாடா ஓரிடத்தில் மடிந்து, அந்த மடிப்பின்மேல் செம்புக் கோடுகள் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தன. எப்போதோ ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டியவர்கள் இதை நடுநிலைக்குக் கொண்டுவராமல் பொருத்தியிருக்கலாம் என்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோரிடத்தில் அந்த வேலை நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. புதிய பாகத்துக்கு 4,200 ரூபாயும் கூலிக்கு 900 ரூபாயும் ஆயிற்று. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பிக் காட்டி, பழைய பாகத்தையும் கையில் கொடுத்தார்கள். இந்தியாவில் ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் கட்டாயம். ஆனால் விற்றுப் பல ஆண்டுகள் கழித்தும் அது விரியுமா என்பதைச் சொல்ல அந்தச் சிறிய விளக்கைத் தவிர நமக்கு வேறு துணையில்லை. அதை வெறுமனே அணைத்துத் தருபவர்கள்மேல் எனக்கு ஆறாத கோபம் இருக்கிறது.

புறப்படும்போது, முன் இருக்கையில் என் மனைவி மூன்று வயது மகளை மடியில் வைத்திருப்பதைப் பார்த்த மெக்கானிக், "வேண்டாம்மா, பை மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் வெளியே வரும், குழந்தை தாங்காது" என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். அன்று இருவரும் பின் இருக்கையில்தான் வீடு வந்தார்கள். மறுநாளே குழந்தைக்கான தனி இருக்கை வாங்கிவிட்டோம்.

குறைகளும் உண்டு. பாகம் வருவதற்கு மூன்று நாட்கள் ஆயின. அதுவரை தொலைபேசியில் யாரும் தெளிவான பதில் சொல்லவில்லை. ஸ்கேன் அறிக்கையின் அச்சுப் பிரதியை நான் கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள். பில்லோடு சேர்த்து எல்லோருக்கும் அதைக் கொடுக்க வேண்டும். இப்போது சாவியைத் திருப்பினால் விளக்கு ஆறு விநாடிகள் எரிந்து அணைகிறது, ஹாரனும் ஒழுங்காக அடிக்கிறது.