கார் ஷெட் கதவுக்கு எனாமலா, பி.யு.வா, பவுடர் கோட்டிங்கா?

பெங்களூரின் பழைய தெருக்களில், அதுவும் அல்சூர் பக்கம், கார் ஷெட் கதவு என்றால் பெரும்பாலும் நாலு மடிப்பாக மடங்கும் தகரக் கதவுதான். காம்பவுண்டுக்குள் ஒதுங்கி நிற்காது, நேராகத் தெருவில் நிற்கும். மேலே சன்ஷேடும் கிடையாது. எங்கள் வீட்டுக் கதவு மேற்குப் பார்த்தது என்பதால் மதிய வெயில் முழுக்க அதன் மேல்தான். பெயின்டரைக் கூப்பிடாமல் நானே அடிப்பது என்று முடிவானதும், எதை அடிப்பது என்ற கேள்வி வந்தது. எல்லாரும் அடிக்கும் சிந்தெடிக் எனாமல் ஒன்று, இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பி.யு., அதாவது பாலியூரித்தேன், இன்னொன்று, கழற்றிக் கொண்டுபோய்ப் பவுடர் கோட்டிங் செய்வது மூன்றாவது. நான் பி.யு. அடித்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன், அதனால் இதை நடுநிலையான தீர்ப்பு என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

பவுடர் கோட்டிங்கை முதலிலேயே முடித்துவிடலாம். பொடியை மின்னேற்றித் தெளித்து, 180 முதல் 200 டிகிரி வரை சூட்டில் வேகவைப்பார்கள். பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் போனால் செய்து தர நிறைய இடங்கள் உண்டு. ஃபினிஷில் வீட்டில் அடிப்பது எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் பழைய கதவில் கீல் எல்லாம் ஃபிரேமோடு வெல்டு ஆகியிருக்கும். அறுத்து எடுத்து, டாட்டா ஏஸில் ஏற்றி, திரும்பக் கொண்டுவந்து வெல்டு வைத்தால் அந்தச் சூட்டிலேயே பக்கத்துக் கோட்டிங் கருகும், துரு அங்கிருந்துதான் கிளம்பும். புதுக் கதவு செய்கிறீர்கள் என்றால், மாட்டுவதற்கு முன்பே பவுடர் கோட்டிங் கொடுத்து, போல்ட் போட்ட கீலாகவும் வைக்கச் சொல்லுங்கள், மேலே படிக்கவே வேண்டாம். ஏற்கெனவே நிற்கிற கதவுக்கு அது சரிப்படாது.

எனாமலுக்குச் சொல்ல வேண்டிய நல்லது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மூலைக் கடையில் கிடைக்கும், கேட்ட நிறம் கிடைக்கும், டர்பன்டைன் போதும், பிரஷ் தடம் தானாகவே சமமாகிவிடும், இன்று ஒரு கோட் அடித்தால் நாளை அடுத்தது. முதல் முறை பிரஷ் பிடிப்பவருக்கு அதைவிட அனுசரணையான பெயின்ட் இல்லை. விலையில் பி.யு. அதைப்போல இரண்டு மடங்காவது வரும், ப்ரைமரையும் தின்னரையும் சேர்த்தால் இன்னும் மேலே.

சிக்கல் அது காய்கிற விதத்தில் இருக்கிறது. எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகிறது, இறுகி முடிந்த பிறகும் அந்த வேலை நிற்பதில்லை. வருடக்கணக்கில் மெதுவாக நடந்து, கடைசியில் படலம் மொறமொறப்பாகிவிடும். கூடவே வெயில் மேல்பரப்பை அரிக்கும், விரலால் தடவினால் வெள்ளையாகப் பொடி ஒட்டும். ஊர் குளுகுளுவென்று இருக்கிறதே என்று பெங்களூர் வெயிலைக் குறைத்து எடைபோடக் கூடாது. 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஊர், புற ஊதாக் கதிர் கடற்கரை ஊரைவிடச் சற்றுக் கூடுதலாகவே இறங்கும். எங்கள் கதவில் எனாமல் பளபளப்பு இரண்டாவது கோடையைத் தாண்டியதே இல்லை.

பளபளப்பு போனால் போகட்டும், தெருவில் நிற்கிற கதவுதானே என்று விட்டுவிடலாம். நான் விடாததற்குக் காரணம் கழுவுவது. என்னைக் கேட்டால் இந்த மூன்றில் எது என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்த ஒரு விஷயம்தான். யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

தெருவைப் பார்த்த கதவு என்றால் அது ஊரின் அறிவிப்புப் பலகை. பி.ஜி. விடுதி ஸ்டிக்கர், பிராட்பேண்ட் ஸ்டிக்கர், பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ், தண்ணீர் டேங்க் கழுவுகிறவர் நம்பர், தேர்தல் வந்தால் மைதாப் பசையோடு போஸ்டர். பொது இடங்களை இப்படி அலங்கோலம் பண்ணக் கூடாது என்று கர்நாடகத்தில் 1981-லேயே சட்டம் வந்துவிட்டது. ராத்திரி பசை வாளியோடு வருகிறவர் அதைப் படித்திருக்க மாட்டார். ஸ்டிக்கரைக் கிழித்தால் பசை நிற்கும். அந்தப் பசையை எடுக்கத் தின்னர் வேண்டும், தின்னர் பட்டால் எனாமல் இளகும், துணியில் நிறமும் சேர்ந்து வரும், ஸ்டிக்கர் இருந்த இடம் மங்கலான சதுரமாக நிரந்தரமாகத் தெரியும். தண்ணீரில் ஊறவைத்து மைதாப் பசையைத் தேய்த்தாலோ, ஏற்கெனவே பொடி விட்டுக்கொண்டிருக்கும் மேல்பரப்பு கூடவே தேய்ந்து போகும். தேய்க்காமல் விட்டால் பசை மழையில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அதன் அடியிலேயே துருவைக் கொண்டுவரும்.

அப்புறம் ஆயுத பூஜை. கதவுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைக்காமல் வீட்டில் யாரும் விடப்போவதில்லை, விடச் சொல்லவும் மாட்டேன். பொடி விட்ட எனாமலில் குங்குமச் சிவப்பு உள்ளே இறங்கி அடுத்த ஆயுத பூஜை வரை நிற்கிறது. தெருவின் புங்க மரத்திலிருந்து சொட்டுவதும் காக்கை எச்சமும் அப்படியே. பி.யு. படலம் இரண்டு பாகமும் ஒன்றோடொன்று வினைபுரிந்து இறுகுவதால் மேல்பரப்பு மூடி நிற்கிறது. ஸ்டிக்கர் பசையைத் தின்னர் நனைத்த துணியால் சட்டென்று துடைத்து எடுத்தால் நிறம் வருவதில்லை, பளபளப்பும் அப்படியே இருக்கிறது. குங்குமத்துக்கு ஈரத்துணியும் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் போதும். எனாமல் கதவை மூன்று வருடத்துக்கு ஒரு முறை திரும்ப அடிக்க வைத்தது துரு அல்ல, இந்தக் கறைகள்தான். இரண்டு மடங்கு விலை கொடுத்தது எதற்கு என்று கேட்டால், மீண்டும் மீண்டும் அடிக்காமல் துடைத்து வைத்திருப்பதற்கு என்றுதான் பதில் சொல்வேன்.

சரி, பி.யு.வின் தொல்லைகளையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அது அனுசரித்துப் போகிற பெயின்ட் இல்லை.

பழைய எனாமல் மேலேயே அதை அடிக்க முடியாது. பி.யு.வின் தின்னர் காட்டமானது, கீழே இருக்கும் எனாமலைக் கிளப்பிச் சுருக்கிவிடும். சந்தேகம் இருந்தால் தின்னரில் நனைத்த துணியைப் பழைய பெயின்ட் மேல் சில நிமிடம் வைத்துப் பாருங்கள். இளகினால் மொத்தத்தையும் உரிக்கத்தான் வேண்டும். வெல்டிங் பட்டறையில் அடித்துக் கொடுக்கும் ரெட் ஆக்சைடு ப்ரைமருக்கும் இதே கதிதான். உரிப்பதற்குப் பெயின்ட் ரிமூவர் உண்டு, கிரைண்டரில் மாட்டும் கம்பிப் பிரஷ் உண்டு. பழைய வீட்டுக் கதவு என்றால் ஒரு எச்சரிக்கை: வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் கூடாது என்ற விதி 2016-ல் வந்து 2017 நவம்பரில்தான் அமலானது. அதற்கு முந்தைய படலங்களில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல் தண்ணீர் போட்டு உப்புத்தாளில் தேயுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், கழிவைத் தெருச் சாக்கடையில் கழுவி விடாமல் அள்ளிக் கட்டிப் போடுங்கள்.

தகரம் வெளியே தெரிந்த பிறகு, பள்ளங்களுக்குக் கார் டிங்கரிங் பட்டறையில் பார்ப்பதுபோல் பட்டி பார்த்து, அதன் மேல் இரண்டு பாக எபாக்ஸி ப்ரைமர் ஒரு கோட். எபாக்ஸி இரும்பைக் கெட்டியாகப் பிடிக்கும், வெயிலைத் தாங்காது. அதையே மேல்பூச்சாக விட்டால் எனாமலைவிட வேகமாகப் பொடி விடும். அதன் மேல் பி.யு. இரண்டு கோட். வாங்கும்போது வெளிப்புறத்துக்கான அலிஃபாட்டிக் பி.யு. என்று கேட்டு வாங்க வேண்டும். மர வேலைக்கென்று விற்கும் சில பி.யு. வெயிலில் மஞ்சளடித்துவிடும். நிறத்துக்கு ரால் (RAL) எண், அதாவது நிறங்களுக்கான பொதுக் குறியீட்டு எண், சொன்னால் கடையில் குழப்பம் வராது, வெளிர் சாம்பலுக்கு 7035, கரும் சாம்பலுக்கு 7016. மேற்கு வெயில் கதவுக்குக் கரும் சாம்பல் வேண்டாம், மதியம் மூன்று மணிக்குக் கை வைக்க முடியாது.

தின்னர் விஷயத்தில் மட்டும் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். "எல்லாம் ஒண்ணுதான் சார், என்.சி. தின்னர் எடுத்துக்கோங்க, பாதி விலை" என்பார். என்.சி., அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டுக்கான தின்னரில் ஆல்கஹால் வகைகள் கலந்திருக்கும், அவை ஹார்டனரோடு, அதாவது பி.யு.வை இறுக வைக்கும் இரண்டாவது டப்பாவோடு, வினைபுரிந்து அதைத் தின்றுவிடும், படலம் கடைசிவரை இறுகாமல் பிசுபிசுக்கும். பி.யு. தின்னர் என்று எழுதியதே வேண்டும். மஞ்சள் ஸ்பாஞ்ச் ரோலரும் கூடாது, தின்னரில் உப்பி உதிரும். முடி குட்டையான துணி ரோலர் வாங்குங்கள். சாதாரண அளவுக் கதவென்றால் இரு பக்கமும் சேர்த்து நூறு, நூற்றிருபது சதுர அடி வரும், இரண்டு கோட்டுக்கு இரண்டு லிட்டர் சுமாராகச் சரியாக இருக்கும். கலக்கும் விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டப்பாவில் போட்டிருப்பதை அளந்து கலக்க வேண்டும், கண்ணளவு உதவாது. கலந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், அதனால் ஒரு நேரத்துக்கு வேண்டியதை மட்டும் கலப்பது நல்லது.

ஹார்டனருக்கு ஈரம் ஆகாது. தண்ணீர் பட்டால் வாயு கிளம்பிக் குமிழ் குமிழாகும். செப்டம்பர், அக்டோபர் பெங்களூரில் கனமழை மாதங்கள், அப்போது டப்பாவையே திறக்காதீர்கள். பிப்ரவரி, மார்ச் நல்ல காலம். மேற்குக் கதவென்றால் காலைப் பனி காய்ந்த பிறகு தொடங்கி, வெயில் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் முடித்துவிடலாம். சுட்ட தகரத்தில் அடித்தாலும் குமிழ் வரும்.

ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். மூச்சுக் குழாயில் நிரந்தர ஒவ்வாமையை ஏற்படுத்தக்கூடிய பொருள். வெட்டவெளியில், கையுறையோடு, ரசாயன ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டு ரோலரில் அடிப்பது வேறு, கம்ப்ரஸர் வாடகைக்கு எடுத்து ஸ்பிரே செய்வது வேறு. ஸ்பிரேயை வீட்டில் செய்யவே கூடாது. கோவிட் காலத்து என்-95 தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இந்த அலசலே வேண்டாம், எனாமல் அடியுங்கள்.

எதை அடித்தாலும் கதவின் அடிவிளிம்பைக் கவனிக்காவிட்டால் பணம் வீண். தகரமும் ஆங்கிளும் ஒட்டும் இடைவெளியில் தண்ணீர் புகுந்து உட்கார்ந்துகொள்ளும், துரு உள்ளேயிருந்து வரும். ப்ரைமர் காய்ந்ததும் அந்த இடுக்கில் பி.யு. சீலன்ட் வைத்து அடைத்துவிட்டு, கீழே தண்ணீர் வடிய இரண்டு துளை விடுங்கள்.

எனாமல் ஜெயிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. பைக் ஹேண்டில் இடித்து ஒரு கீறல் விழுந்தால், எனாமலை டப்பாவிலிருந்து தொட்டு வைத்துவிடலாம். பி.யு.வில் அந்த இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, துளியூண்டு கலந்து, அப்படியும் ஒட்டுப் போட்டது கிட்டத்தில் பார்த்தால் தெரியும். வாடகை வீடு, இரண்டு வருடத்தில் காலி செய்யப் போகிறீர்கள் என்றாலும் எனாமலே போதும். எங்கள் பி.யு. கதவு சில மழைக்காலங்களைத்தான் பார்த்திருக்கிறது, பத்து வருடம் தாங்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. உருளும் ஷட்டருக்கும் இதை அப்படியே நீட்ட மாட்டேன். பட்டைகள் ஒன்றோடொன்று உரசிச் சுருளுவதால் எந்தப் பெயின்டும் அங்கே தேயும், தடிமனாக அடித்தால் ஷட்டர் இறுக்கும். தவிர அது பெரும்பாலும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடாக இருக்கும். துத்தநாகத்தின் மேல் நேராக எனாமல் அடித்தால் சோப்புபோல் மாறி உரிந்துவிடும் என்பது மட்டும் நிச்சயம், அதற்குத் துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும் எட்ச் ப்ரைமரோ எபாக்ஸியோ அடியில் வேண்டும்.

மிச்சமாகும் ஹார்டனரை அடுத்த வருடக் கீறலுக்கு என்று எடுத்து வைப்பதில் பயனில்லை. ஒரு முறை திறந்த டப்பாவில் காற்றின் ஈரம் இறங்கி, சில மாதத்தில் கூழாகிவிடும். பெரிய செட் வாங்கினால் லிட்டருக்கு மலிவு என்பார்கள், நீங்கள் சின்ன செட் இரண்டாக வாங்குங்கள், இரண்டாவதைத் தேவைப்படும்போது திறந்தால் போதும்.