குதிரையா, மனிதரா, ஆய்வகமா? நாய்க்கடிக்குப் போடும் மூன்று சீரங்கள்

கோத்தகிரி பக்கம் எங்கள் ஊருக்கு அடுத்த எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரை, போன மழைக்காலத்தில் லைன் வீட்டு வாசலிலேயே ஒரு தெருநாய் கடித்துவிட்டது. கெண்டைக்காலில் பல் ஆழமாக இறங்கி, ரத்தம் நிற்கவே நேரமானது. முதலில் போன தனியார் மருத்துவமனையில் தடுப்பூசியைப் போட்டுவிட்டு, “சீரமும் போடணும். குதிரைச் சீரம் பழைய சரக்கு, அலர்ஜி வரும். மனிதச் சீரம்தான் நல்லது, கோயம்புத்தூரில் வாங்கிட்டு வாங்க” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மகன் பணம் புரட்ட ஒரு நாள், மலை இறங்கி ஏற இன்னொரு நாள். சீரம் காயத்தில் இறங்கியது மூன்றாம் நாள்தான். அக்கா இன்று நலம். ஆனால் அந்த இரண்டு நாள்களை என்னால் மறக்க முடியவில்லை. ஏனென்றால், அவர்கள் பழைய சரக்கு என்று ஒதுக்கிய அதே குதிரைச் சீரம், பஸ்ஸில் அரை மணி நேர தூரத்தில் அரசு மருத்துவமனையில் காசில்லாமல் இருந்தது.

“எதுண்ணா உண்மையிலேயே நல்லது?” என்று அந்தத் தம்பி அப்புறம் என்னிடம் கேட்டான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நம் ரத்தத்தில் பாதிக்கு மேல், சுமார் 55 சதவீதம், பிளாஸ்மா என்ற மஞ்சள் நிறத் திரவம். அதில் 100 மில்லிக்கு 6 முதல் 8 கிராம் வரை புரதம் கரைந்திருக்கிறது. பெரும்பங்கு ஆல்புமின். கல்லீரல் தயாரிக்கும் இந்தப் புரதம்தான் நீரை ரத்தக்குழாய்க்குள் பிடித்து வைக்கிறது. அது மிகவும் குறைந்துபோனால் கால் வீங்கும். ஃபைப்ரினோஜன் ரத்தத்தை உறைய வைக்கும். அதை நீக்கிய பிளாஸ்மாவுக்குத்தான் சீரம் என்று பெயர். மீதியில் முக்கியமானவை குளோபுலின்கள். 1930களில் ஸ்வீடன் விஞ்ஞானி டிசேலியஸ் சீரத்தை மின்புலத்தில் ஓடவிட்டு, பிரிந்து நின்ற பகுதிகளுக்கு ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பெயர் வைத்தார். நோய்க்கிருமியை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிகள் பெரும்பாலும் அந்தக் காமா பகுதியில் இருப்பவை. நாய்க்கடிக்குச் சீரம் என்று போடும் ரேபீஸ் இம்யூனோகுளோபுலின் என்பதும் இதே புரதம்தான்.

தடுப்பூசி போட்ட பிறகு இது எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். தடுப்பூசி நம் உடம்புக்குப் பாடம் நடத்துகிறது. உடம்பு அதைப் படித்துச் சொந்தமாக ஆன்டிபாடி செய்ய 7 முதல் 14 நாள் ஆகும். ரேபீஸ் வைரஸ் அதுவரை காத்திருக்காது. காயத்திலிருந்து நரம்புக்குள் நுழைந்து மூளையை நோக்கி நகரும். மூளையை எட்டி அறிகுறி தெரிந்துவிட்டால், பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்த இடைவெளிக்கு, வேறொருவர் உடம்பில் ஏற்கெனவே தயாரான ஆன்டிபாடியைக் கடன் வாங்கிக் காயத்திலேயே நிறுத்தி வைக்கிறோம். அந்த வேறொருவர் குதிரையா, மனிதரா, ஆய்வகத்து செல்லா என்பதுதான் நம் ஒப்பீடு.

குதிரையிலிருந்து தொடங்குகிறேன், அதற்குத்தான் அநியாயமாகக் கெட்ட பெயர். 1890இல் பேரிங், கிட்டசாட்டோ என்ற இரண்டு விஞ்ஞானிகள், நோய்க்குப் பழக்கிய விலங்கின் சீரம் இன்னொரு விலங்கைக் காப்பாற்றும் என்று காட்டியதிலிருந்து வரும் பரம்பரை இது. குதிரைக்கு ரேபீஸ் தடுப்பூசியைத் திரும்பத் திரும்பப் போட்டு, ரத்தம் எடுத்து, பிளாஸ்மாவைப் பிரிக்கிறார்கள். பழைய காலத்தில் அந்தச் சீரத்தை அரைகுறையாகச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். அலர்ஜி என்ற பயம் அங்கிருந்து வந்தது, அது பொய்யும் இல்லை. இன்று பெப்சின் என்ற நொதியால் ஆன்டிபாடியின் வால் பகுதியை வெட்டிவிட்டு, வைரஸைப் பிடிக்கும் கைகளை மட்டும் சுத்திகரித்துத் தருகிறார்கள். கடுமையான ஒவ்வாமை இப்போது அபூர்வம். அப்படி வந்தாலும் சமாளிக்க அட்ரினலின் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவே. யாருக்கு ஒவ்வாமை வரும் என்று தோலில் சோதித்துக் கணிக்க முடியாது என்பதால், அந்தச் சோதனையே தேவையில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிலருக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்து அரிப்பு, தடிப்பு, மூட்டு வலி, லேசான காய்ச்சல் வரலாம். அந்நியப் புரதத்தோடு உடம்பு நடத்தும் சண்டை அது. மருந்துக்கு அடங்கிவிடும்.

அளவில்தான் ஜனங்கள் குழம்புகிறார்கள். மனிதச் சீரம் உடல் எடையில் கிலோவுக்கு 20 யூனிட், குதிரைச் சீரம் 40 யூனிட். 60 கிலோ ஆளுக்கு 1,200, 2,400. இதைப் பார்த்துவிட்டுக் குதிரைச் சீரம் பாதி வீரியம்தான் என்று ஒரு மருந்துக்கடைக்காரரே என்னிடம் சொல்லியிருக்கிறார். காரணம் வேறு. மனித ஆன்டிபாடி நம் உடம்பில் பாதியாகக் குறைய மூன்று வாரம் ஆகும். அந்நியமான குதிரைப் புரதத்தை உடம்பு சீக்கிரமே வெளியேற்றிவிடும். அதை ஈடுகட்டத்தான் இரட்டிப்பு. உயிர் காக்கும் பலனில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

மனிதச் சீரம் தடுப்பூசி போட்டுக்கொண்ட கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்து வருகிறது. நம் இனப் புரதம் என்பதால் உடம்பு முரண்டு பிடிப்பது குறைவு. அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் கொடையாளர்கள் குறைவு, கிருமி நீக்கும் படிகள் அதிகம். விலை பல ஆயிரம், கிடைப்பதும் அரிது. முன்பு குதிரைச் சீரத்துக்குக் கடும் ஒவ்வாமை வந்தவருக்கு இதைத் தேடிப் போகலாம். மற்றவர்கள் இதற்காக ஒரு நாள்கூடக் காத்திருக்கத் தேவையில்லை.

மூன்றாவது, மோனோகுளோனல் ஆன்டிபாடி, அதாவது ஆய்வகத்து செல்கள் ஒரே அச்சில் செய்து தரும் ஆன்டிபாடி. புனே சீரம் இன்ஸ்டிட்யூட்டின் ராபிஷீல்டு 2016இல் அனுமதி பெற்றது, கிலோவுக்கு 3.33 யூனிட் போதும். அடுத்து சைடஸின் ட்வின்ராப் வந்தது, அதில் இரண்டு ஆன்டிபாடிகள். தொட்டியில் வளரும் செல்கள் செய்வதால் குதிரையும் வேண்டாம், கொடையாளரும் வேண்டாம். ஒரு கேள்வி மட்டும் உண்டு. பிளாஸ்மா சீரத்தில் வைரஸைப் பல இடங்களில் பிடிக்கும் பலவகை ஆன்டிபாடிகள் கலந்திருக்கும். தனி ஆன்டிபாடி ஒரே இடத்தைத்தான் பிடிக்கும். இரண்டு கலந்தால் நல்லது என்று நிபுணர்கள் சொல்வது அதனால்தான். நாளை இதுதான் எல்லா ஊருக்கும் வந்து சேரும் என்று நம்புகிறேன்.

எதைப் போட்டாலும், மருந்து காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் இறங்க வேண்டும். கையில் போட்டு அனுப்பினால் பாதிப் பயன் போச்சு. காயம் நிறைய இருந்தால் சலைனில் கலந்து எல்லாக் காயத்துக்கும் எட்டச் செய்யலாம். கணக்குக்கு மேல் போடக் கூடாது, தடுப்பூசியின் வேலையை அது மட்டுப்படுத்தும். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் தாண்டிவிட்டால் சீரமே தேவையில்லை, அதற்குள் நம் சொந்த ஆன்டிபாடி வரத் தொடங்கிவிடும்.

இந்த மலைக்கு நாய்க்கடியின் தூரக் கணக்கு புதிதல்ல. 1900இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் நாய்க்கடிக்குச் சிகிச்சை தரும் பாஸ்டர் நிலையம் திறந்தபோது, தெற்கே கடிபட்டவர்கள் அத்தனை தூரம் ரயிலேற வேண்டியிருந்தது. 1907இல் குன்னூரில், இன்று சிம்ஸ் பூங்கா எதிரே நிற்கும் பாஸ்டர் நிலையம் வந்த பிறகுதான் தென்னிந்தியாவுக்கு மருந்து பக்கத்தில் வந்தது. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தக் காலத் தடுப்பூசி, தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பாட்டிகளின் கதைகளில் இன்னும் வலிக்கிறது. அந்த வலியையும் தாங்கிக்கொண்டு ஜனங்கள் போனார்கள், அன்று எட்டும் தூரத்தில் இருந்தது அதுதான்.

இரண்டு மாதம் முன்பு அதே லைனில் ஏழு வயதுப் பையனைக் கடித்தது இன்னொரு நாய். அக்காவே அவன் காலைக் குழாயடியில் பிடித்து, சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, முதல் பஸ்ஸில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். மதியத்துக்குள் தடுப்பூசியும் போட்டு, குதிரைச் சீரமும் காயத்தில் இறங்கிவிட்டது. ஒன்பதாம் நாள் முதுகில் கொஞ்சம் தடிப்பும் அரிப்பும் வந்தன. மாத்திரையில் மூன்றே நாளில் போய்விட்டது. பையன் பள்ளிக்கூடம் போகிறான்.