உறை அசல், தட்டு வேறு: பழைய ஜாஸ் ரெக்கார்ட் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெய்ன்' ஆல்பம், ப்ளூ நோட் கம்பெனியின் பட்டியல் எண் 1577, மோனோ. "முதல் பிரெஸ்ஸிங், உறையும் தட்டும் அசல்" என்று சொல்லி ஆன்லைனில் விற்ற ஒருவரிடம் வாங்கினேன். (முதல் பிரெஸ்ஸிங் என்றால் ஆல்பம் வெளியானபோது முதலில் அச்சான தட்டு.) வந்து சேர்ந்தது ஐம்பதுகளின் உறை. அதற்குள் 1966க்குப் பிறகு அச்சான ஒரு தட்டு. இழுபறிக்குப் பிறகு பணம் திரும்பிவிட்டது, ஆனால் முழுசாக இல்லை. விற்றவரின் பெயரைப் போடப்போவதில்லை. போட்டாலும் நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பார். அவர் செய்த விதத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டால் எந்தப் பெயரில் வந்தாலும் பிடித்துவிடலாம்.

முதலில் ஒன்று. இசையை மட்டும் கேட்க வேண்டுமென்றால் முதல் பிரெஸ்ஸிங் தேவையே இல்லை. நல்ல மறுபதிப்பு தாராளமாகப் போதும், இரைச்சலும் குறைவாக இருக்கும். ஆனால் 1957 செப்டம்பர் 15 அன்று நியூஜெர்சியின் ஹாக்கன்சாக்கில், ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் தன் பெற்றோர் வீட்டுக் கூடத்தில் பதிவு செய்ததை, அந்தக் காலத்திலேயே அச்சான தட்டில் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆசைக்கு ஒரு விலை உண்டு. மறுபதிப்பின் விலைக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஏமாற்று வேலை நடப்பது அந்த வித்தியாசத்தில்தான்.

விற்பனைக்குப் போட்டிருந்த படங்களில் உறையின் முன்பக்கமும் பின்பக்கமும் பளிச்சென்று இருந்தன. தட்டின் லேபிள் படம் மட்டும் சாய்வாக எடுக்கப்பட்டு, சரியாக அடிவிளிம்பில் விளக்கின் ஒளி பட்டு வெள்ளையாகியிருந்தது. ப்ளூ நோட் லேபிளில் கம்பெனியின் முகவரி அச்சாகியிருக்கும் இடமே அந்த அடிவிளிம்புதான். அதனால் வாங்குவதற்கு முன்பே எழுதிக் கேட்டேன்: இரு பக்க லேபிளின் முகவரியும், பாட்டு முடிந்த பின் லேபிள்வரை வெறுமையாக இருக்கும் வளையமும் தெரிகிற மாதிரி படம் அனுப்புங்கள் என்று. அந்த வளையத்தைத்தான் ரன்அவுட் அல்லது டெட் வாக்ஸ் என்கிறோம். உடனே படங்கள் வந்தன. '47 வெஸ்ட் 63, நியூயார்க்' என்ற முகவரி தெளிவாக இருந்தது, வான் கெல்டரின் முதலெழுத்துகளான ஆர்.வி.ஜி. கையால் கீறியிருந்தது, பக்கத்தில் 'காது' என்று சொல்லும் ஆலை அடையாளமும் இருந்தது. எல்லாம் சரி என்றுதான் பணம் கட்டினேன். படங்கள் வேறொரு பிரதியுடையவை.

பார்சலைப் பிரித்ததுமே எரிச்சல். தட்டை உறைக்குள்ளேயே வைத்து அனுப்பியிருக்கிறார். வழியில் பெட்டி குலுங்கும்போது தட்டின் விளிம்பு உறையின் அடியில் ஒட்டிய மடிப்பை உள்ளிருந்து அறுத்துவிடும். தட்டைத் தனியாக எடுத்து உறைக்குப் பின்னால் வைத்து அனுப்புவது ரெக்கார்ட் விற்கிற யாருக்கும் தெரிந்த பாலபாடம். அறுபது வருஷத்துக்கு மேல் தாங்கிய உறை இந்த ஒரு பயணத்தில் அடியில் கிழிந்து வந்தது.

அப்புறம் உள்ளுறை. 'ப்ளூ நோட்டின் 27 ஆண்டுகள்' என்று அதில் அச்சிட்டிருந்தது. கம்பெனி தொடங்கியது 1939இல். கூட்டிப் பாருங்கள், 1966 வருகிறது. உள்ளுறை யார் கையிலும் மாறிப்போகக்கூடிய பொருள் என்பதால் அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. ஆனால் தட்டை வெளியே எடுத்ததும் லேபிளின் அடியில் 'நியூயார்க், யு.எஸ்.ஏ.' என்று இருந்தது. படத்தில் பார்த்த தெரு முகவரியைக் காணோம். மேசை விளக்குக்குக் கீழே தட்டைச் சாய்த்து, டெட் வாக்ஸைச் சுற்றி மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். ஆர்.வி.ஜி. இருந்தது. பட்டியல் எண் இருந்தது. காது இரண்டு பக்கத்திலும் இல்லை.

காது என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக. 1966 வரை ப்ளூ நோட் தட்டுகளை அச்சிட்டுக் கொடுத்தது நியூஜெர்சியில் இருந்த பிளாஸ்டிலைட் என்ற ஆலை. தன் அடையாளமாக அது டெட் வாக்ஸில் ஆங்கிலத்தின் 'பி' எழுத்தைச் சாய்வாக, சுழித்துப் போடும். பார்க்க மனிதக் காது மாதிரி இருப்பதால் அந்தப் பெயரே நின்றுவிட்டது. 1966இல் லிபர்ட்டி ரெக்கார்ட்ஸ் ப்ளூ நோட்டை வாங்கியதும் அச்சு வேலை வேறு ஆலைகளுக்குப் போனது. காதும் அத்தோடு போயிற்று. ஆனால் பழைய லேபிள் காகிதங்கள் கட்டுக்கட்டாக மீதம் இருந்தன. அவற்றை வீணாக்காமல் புதிய தட்டுகளில் ஒட்டினார்கள். ஆகவே 'நியூயார்க், யு.எஸ்.ஏ.' லேபிளோடு, காது இல்லாமல் ஏராளமான தட்டுகள் உலவுகின்றன. அவை போலி இல்லை, முறையாக வெளியானவைதான், பல நன்றாகவே ஒலிக்கும். ஆனால் ஐம்பதுகளின் முதல் பிரெஸ்ஸிங் என்று விற்றால் அது மோசடி.

ஆர்.வி.ஜி. விஷயத்தில்தான் பாதிப்பேர் சறுக்குகிறார்கள், விற்பவர்களும் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறார்கள். "வான் கெல்டரின் முத்திரை இருக்கிறது, ஆகவே அசல்" என்ற வரியை எத்தனை விற்பனைக் குறிப்புகளில் பார்க்கிறோம்! அந்த எழுத்துகள் மூல லாக்கரில், அதாவது இசையை முதன்முதலில் வெட்டும் பூச்சுத் தட்டில், கீறப்பட்டவை. லாக்கரிலிருந்து உலோக அச்சு, அதிலிருந்து தட்டை அழுத்தி அச்சிடும் ஸ்டாம்பர், அதிலிருந்து தட்டு என்று போகும்போது கீறலும் கூடவே போகும். அதே உலோக அச்சை வைத்துப் பத்து வருஷம் கழித்து அடித்தாலும் ஆர்.வி.ஜி. அப்படியே விழும். வெட்டியவர் யார் என்பதை அது சொல்லும், தட்டு எப்போது அச்சானது என்பதைச் சொல்லாது. அறுபதுகளின் தொடக்கத்தில் கையெழுத்துக்குப் பதிலாக 'வான் கெல்டர்' என்று இயந்திர முத்திரை குத்தத் தொடங்கினார். அதற்கும் இதே கதைதான். லிபர்ட்டி காலத்துத் தட்டுகளிலும் அந்த முத்திரையைப் பார்க்கலாம்.

லேபிளின் முகவரியும் வரிசையாக மாறியிருக்கிறது. 1957க்கு முன் 767 லெக்ஸிங்டன் அவென்யூ. பிறகு 47 வெஸ்ட் 63ஆவது தெரு. அதிலேயே முதலில் வந்தவற்றில் கம்பெனி பெயருக்குப் பின்னால் 'இன்க்' இருக்காது, பெயருக்கு அடியில் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் இருக்காது. 1959 வாக்கில்தான் அவை இரண்டும் வந்தன. 1958இல் வெளியான 1577இல் அவை இருந்தால், தெரு முகவரி சரியாகவே இருந்தாலும் அது முதல் அச்சு இல்லை. 1962 வாக்கிலிருந்து 'நியூயார்க், யு.எஸ்.ஏ.' மட்டும். 1966க்குப் பின் 'லிபர்ட்டியின் ஒரு பிரிவு' என்ற வரி வரும். எழுபதுகளில் லேபிளின் வடிவமே மாறிவிட்டது.

லேபிளுக்குள் வட்டமாக ஓடும் அழுத்தமான பள்ளத்தை, அதாவது டீப் க்ரூவை, விற்பவர்கள் கொட்டை எழுத்தில் போடுவார்கள். பழைய அச்சு இயந்திரத்தின் உலோகப் பகுதி பதித்த தடம் அது. ஐம்பதுகளின் ப்ளூ நோட்டில் இரு பக்கமும் இருக்க வேண்டும், உண்மைதான். அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பாகங்கள் படிப்படியாக மாற்றப்பட்டதால் ஒரு பக்கம் மட்டும் பள்ளம் உள்ளவையும் உண்டு. ஆனால் பிற்கால மறுபதிப்புகள் சில, பழைய லேபிள், முகவரி, பள்ளம் எல்லாவற்றையும் ஆசையாக நகலெடுத்திருக்கின்றன. எடையும் அப்படித்தான். பழைய தட்டு கனமாக இருக்கும் என்று தராசில் வைத்துப் படம் போடுகிறார்கள். இப்போது வரும் 180 கிராம் மறுபதிப்பும் கனம்தான். ஒரே ஒரு அடையாளத்தைக் காட்டி யாராவது 'அசல்' என்று சொன்னால் மற்ற அடையாளங்களைக் கேளுங்கள். முகவரி, காது, பள்ளம், கையால் கீறிய எண் எல்லாமும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். விற்றவருக்கு எழுதியதும் வந்த முதல் பதில்: "படத்தில் இருக்கும் தட்டைத்தான் அனுப்பினேன், நீங்கள் மாற்றிவிட்டு ஏமாற்றப் பார்க்கிறீர்கள்." எப்படி இருக்கிறது பாருங்கள்! நல்ல வேளையாக அவருடைய படங்களிலேயே அதற்குப் பதில் இருந்தது. தட்டை டர்ன்டேபிளில் வைக்கும்போது நடு ஊசியைத் தேடித் தடவியதில் லேபிளில் துளையைச் சுற்றி மெல்லிய கோடுகள் விழும். கைரேகை போல, எந்த இரு பிரதியிலும் அவை ஒன்றாக இருக்காது. விற்பனைக் குறிப்பில் அவர் முதலில் போட்ட சாய்வான படத்தில், துளையிலிருந்து வலப்பக்கம் வளைந்து போகும் ஒரு நீளக் கோடு தெரிந்தது. என் கையில் இருந்த தட்டிலும் அதே கோடு, அதே வளைவு. நான் கேட்ட பிறகு அனுப்பிய படங்களில் அது இல்லை. ஆக, விற்பனைக்கு வைத்தது இந்தத் தட்டுதான். பிந்தைய படங்கள்தான் வேறு எங்கிருந்தோ எடுத்தவை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விற்பனைத் தளத்தின் புகார்ப் பிரிவுக்கு அனுப்பினேன்.

அதன்பிறகு அவர் தொனியே மாறிவிட்டது. தாத்தாவின் சேகரிப்பாம், தனக்கு ரெக்கார்ட் பற்றி ஒன்றும் தெரியாதாம். விற்பனைக் குறிப்பில் டீப் க்ரூவும் ஆர்.வி.ஜி.யும் எழுதியவர் இவரேதான்! விற்கும்போது நிபுணர், திருப்பிக் கேட்டால் அப்பாவி. அடுத்து, தட்டை நானே வைத்துக்கொண்டால் கொஞ்சம் பணம் தருகிறேன் என்றார். இதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். பகுதிப் பணத்தை வாங்கிக்கொண்டால் பெரும்பாலும் புகார் அத்தோடு முடிந்ததாகிவிடும், ஏமாற்றிய லாபத்தின் பெரும்பங்கு அவரிடமே நிற்கும். கடைசியில் தளம் என் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தட்டின் விலை வந்தது. வந்த தபால் செலவும் திருப்பி அனுப்பிய தபால் செலவும் என் தலையில்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தட்டின் நிலை 'வெரி குட் பிளஸ்', அதாவது தேய்மானம் குறைந்த நல்ல தரம், என்று போட்டிருந்தார். பார்வைக்குப் பளபளப்பாகத்தான் இருந்தது. ஓடவிட்டதும் லீ மார்கனின் டிரம்பெட் உச்சத்துக்குப் போகும் இடமெல்லாம் கரகரத்தது. பக்கத்தின் கடைசிக்குப் போகப் போக இன்னும் மோசம். கனமான பழைய ஊசிகள் பள்ளத்தின் சுவரைத் தேய்த்த தட்டு அது. இந்தத் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. "கேட்டுப் பார்த்துத் தரம் சொன்னீர்களா, பார்த்து மட்டும் சொன்னீர்களா" என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த உறை-தட்டு கல்யாணம் ப்ளூ நோட்டோடு நிற்பதில்லை. பிரெஸ்டீஜின் மஞ்சள் லேபிளில் '446 மேற்கு 50ஆவது தெரு, நியூயார்க்' என்று இருந்தால் முந்தையது, நியூஜெர்சியின் பெர்கன்ஃபீல்டு முகவரி இருந்தால் பிந்தையது. மஞ்சள் லேபிள் என்று மட்டும் சொல்லி விற்பார்கள். கொலம்பியாவின் ஆறு கண் லேபிள், அதாவது கண் போன்ற ஆறு சின்னங்கள் அச்சான லேபிள், 1962 வரை ஓடியது. 1959இல் வந்த மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆறு கண்ணோடு இருந்தாலே முதல் அச்சு என்று ஆகிவிடாது. இம்பல்ஸில் ஆரஞ்சும் கறுப்புமான லேபிள் முந்தையது, சிவப்பு வளையம் போட்ட கறுப்பு பிந்தையது. உறையில் பார்கோடு இருந்தாலோ, அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க ஜிப் எண் இருந்தாலோ ஐம்பதுகள் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜிப் எண் வந்ததே 1963இல்தான்.

இனி வாங்குபவர்கள் விற்பவரிடம் கேட்க வேண்டியது முதலில் ஒரு படம்: தட்டு முழுக்கத் தெரிய வேண்டும், அதன்மேல் அன்றைய தேதியும் உங்கள் பெயரும் எழுதிய துண்டுச்சீட்டு இருக்க வேண்டும், லேபிளின் அடிவிளிம்பில் ஒளி அடிக்கக்கூடாது. அதே அமர்வில் டெட் வாக்ஸின் நெருக்கப் படம், இரு பக்கமும். அதில் தெரியும் துளைக் கோடுகளை விற்பனைக் குறிப்பின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு எங்கிருந்தோ எடுத்த படத்தால் இதைச் சமாளிக்க முடியாது. உண்மையான விற்பனையாளர் யாரும் இதற்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. பார்சல் வந்ததும் பிரிப்பதிலிருந்தே வீடியோ எடுத்துவையுங்கள். தட்டை மாற்றிவிட்டீர்கள் என்ற பழி உங்கள் மேலும் விழலாம்.

நான் திருப்பி அனுப்பிய தட்டு மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. துளையிலிருந்து வலப்பக்கம் வளையும் அதே கோடு, அடிவிளிம்பில் அதே வெள்ளை ஒளி. குறிப்பில் 'முதல் பிரெஸ்ஸிங்' போய் 'ஆரம்பகால பிரெஸ்ஸிங்' ஆகியிருக்கிறது. உறை கிழிந்த விஷயம் அதில் இல்லை. 1577 தேடுகிறவர்கள் கவனமாக இருங்கள்.