ஃபைவா, நைனா? காது மிஷினும் போனுமாக இருபது வருடம்

"ஓடிபி சொல்லுங்க சார்" என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரமமே இல்லை. அது என் திரையில் இருக்கிறது, படித்துவிடுவேன். ஒருவர் எனக்கு எண் சொல்லும்போதுதான் வம்பு. சென்னையில் போனில் எண்ணை யாரும் தமிழில் சொல்வதில்லை. ஃபைவ், நைன் என்றுதான் வரும். இரண்டுக்கும் நடுவில் ஓடுவது ஒரே 'ஐ'. அதன் முன்னும் பின்னும் உள்ள மெல்லிய ஓசைகள் எனக்கு வந்து சேராது. விமானிகளே இந்தக் குழப்பம் வேண்டாம் என்று ரேடியோவில் நைனை 'நைனர்' என்று சொல்கிறார்கள். நான் "அஞ்சா, ஒன்பதா?" என்று தமிழில் கேட்டுப் பார்ப்பேன். அவர் "நைன் சார், நைன்!" என்று இன்னும் சத்தமாகக் கத்துவார். சத்தம் போதுமானதுதான், தெளிவுதான் போதாது. இது புரியாதவரிடம் புரியவைக்க நேரம் எடுக்கும், அதற்குள் அவர் லைனைக் கட் செய்துவிடுவார்.

எனக்கு வயது 48. மடிப்பாக்கத்தில் வீடு, கணக்கு எழுதும் வேலை. 2003இல் டிபி வந்தபோது போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி உயிரைக் காப்பாற்றியது, காதை எடுத்துக்கொண்டது. அந்த வகை மருந்து உள்காதில் உள்ள மயிர் செல்களைக் கெடுக்கும், அதிலும் முதலில் உயர் அதிர்வெண்களுக்கானவற்றை. அதனால் ஆரம்பத்தில் பேச்சு கேட்கும், 'ஸ', 'ஃப' மட்டும் காணாமல் போகும். அப்புறம் மெல்ல மற்றவையும் போயின. இன்றைக்கு என் ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளக்கும் சோதனை வரைபடம், இரண்டு காதிலும் 60க்கும் 70க்கும் நடுவில் நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி 60 முதல் 70 டெசிபல் இழப்பு என்றால் கேட்கும் திறன் குறைந்தவர், 70 என்றால் காது கேளாதவர். நான் வேலியோரம். சைகை மொழி தெரியாது. தெரிந்தவர்களின் தேவையே வேறு, அவர்களுக்கு வீடியோ கால்தான் உண்மையான தொலைபேசி. ஆகவே இது என்னைப் போல மிஷின் போட்டுக்கொண்டு, அரையும் குறையுமாகக் கேட்டு, மீதியை ஊகித்துச் சமாளிப்பவர்களுக்கான அனுபவம்.

முதல் மிஷின் 2005இல் வாங்கினேன். அப்போது வேலை பாரிமுனையில், மேஜையில் பழைய கனமான லேண்ட்லைன். மிஷினில் 'டி' என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதைத் தள்ளினால் மைக் அணைந்துவிடும், உள்ளே இருக்கும் சின்னக் காந்தச் சுருள் மட்டும் வேலை செய்யும். ரிசீவரில் உள்ள ஸ்பீக்கரின் காந்தப்புலத்தை அது நேராகப் பிடித்துக்கொள்ளும். தெருவில் லாரி போனாலும், பக்கத்து மேஜைக்காரர் சண்டை போட்டாலும் காதில் விழாது, பேசுபவரின் குரல் மட்டும்தான். அந்த சுகத்தை இன்றுவரை வேறு எதுவும் தரவில்லை. கூடுதல் வசதி, மேனேஜர் கூப்பிட்டாலும் கேட்காது.

பிறகு ஜிஎஸ்எம் செல்போன் வந்தது. மிஷின் அருகே கொண்டுபோனால் "ட்ர்ர்ர்" என்று காதுக்குள் வண்டு பறக்கும். அந்தப் போன்கள் சிக்னலைத் தொடர்ச்சியாக அனுப்பாமல் விநாடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அனுப்பும், மிஷின் அதை ஓசையாக எடுத்துக்கொள்ளும். ஆகவே அந்தக் காலம் முழுக்க எனக்குப் போன் என்றால் எஸ்எம்எஸ். மாதாமாதம் மெசேஜ் பேக் போடுவேன், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அது செல்லாது. 2011 செப்டம்பரில் விளம்பர மெசேஜ்களைத் தடுக்க ஒரு சிம்முக்கு நாளைக்கு 100 எஸ்எம்எஸ் என்று உச்சவரம்பு வந்தது, இரண்டு மாதத்தில் 200 ஆனது. வாயால் பேசுகிறவர்களுக்கு நாளைக்கு நூறு வாக்கியம் என்று கணக்கு வைத்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு வீட்டில் புலம்பினேன்.

2016 எனக்கு நல்ல வருடம். செப்டம்பரில் ஜியோ வந்து, 4ஜி நெட் வழியாகவே கால் பேசும் வோல்டி பரவியது. எல்லோரும் இலவச டேட்டாவைப் பேசினார்கள், நான் 'ஸ' திரும்பி வந்ததைப் பார்த்தேன். பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். நன்றாகக் கேட்பவர்களுக்கு அது போதும், விட்டுப்போனதை மூளை நிரப்பிக்கொள்ளும். எனக்கு நிரப்பக் கையிருப்பு இல்லை. வோல்டியில் எச்டி வாய்ஸ் என்றால் 7000 ஹெர்ட்ஸ் வரை வரும். அம்மா திண்டிவனத்திலிருந்து பேசும்போது 'சாப்பிட்டியா'வும் 'காப்பிட்டியா'வும் அதற்குப் பிறகுதான் எனக்கு வேறு வேறானது. ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு முனையும் வோல்டியாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு அந்த தீபாவளிக்குப் புதுப்போன் வாங்கித் தந்தேன், பாசத்தினால் என்று அவர் நினைத்தார்.

இப்போது போட்டிருக்கும் ஜோடி 2021இல் வாங்கியது, 68,000 ரூபாய். போனிலிருந்து புளூடூத் வழியாக நேரே காதுக்கு ஒலி வரும். ஐபோனில் இந்த வசதி 2013லிருந்தே உண்டு, ஆண்ட்ராய்டில் 10ஆம் பதிப்போடு 2019இல் வந்தது. எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் சீராக வேலை செய்யும் என்று நம்பி வாங்காதீர்கள், உங்கள் போனைக் கடைக்கு எடுத்துப்போய் இணைத்துப் பேசிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நான் அப்படிச் செய்யாமல் வாங்கி, அப்புறம் மிஷினுக்காகப் போனை மாற்றினேன். மற்றபடி சென்னையில் மிஷினுக்கு இரண்டு எதிரிகள்: வியர்வையும் ஹெல்மெட்டும். வியர்வைக்கு ராத்திரி சிலிக்கா ஜெல் டப்பா. ஹெல்மெட்டுக்கு மருந்து கிடையாது. வேளச்சேரி சிக்னலில் ஹெல்மெட்டைக் கழற்றியபோது வலது மிஷின் தெறித்து, ஷேர் ஆட்டோவுக்கு அடியில் போய் விழுந்ததைக் குனிந்து தேடியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேச்சை எழுத்தாக்கும் செயலிகள். 2019 பிப்ரவரியில் கூகுள் லைவ் டிரான்ஸ்கிரைபை வெளியிட்டது. அதற்கு மூலகாரணமாக இருந்த டிமிட்ரி கனெவ்ஸ்கி சிறுவயதிலேயே கேட்கும் திறனை இழந்த ஆய்வாளர், காது கேளாதோருக்கான கல்லாடெட் பல்கலைக்கழகமும் கூடவே உழைத்தது. தமிழும் அதில் உண்டு. அதற்குப் பிறகு அதே வேலையைச் செய்யும் செயலிகள் பல வந்துவிட்டன, நான் நான்கைந்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன். எது எந்தத் தவறு செய்தது என்று பெயர் சொல்லப்போவதில்லை, எல்லாமே செய்தன.

போனில் பேச நான் பயன்படுத்தும் முறை இது. கால் வருவது ஒரு போனில், ஸ்பீக்கரில். பக்கத்தில் பழைய போன் ஒன்று, அதில் செயலி. சாப்பாட்டு மேஜையில் இரண்டையும் அருகருகே வைத்து, ஃபேனை அணைத்துவிட்டு உட்காருவேன். ஃபேன் ஓடினால் வரிகள் உடைந்துபோகும். மே மாதத்தில் ஐந்து நிமிடம் பேசி முடிப்பதற்குள் பனியன் நனைந்துவிடும்.

ஆங்கிலம் தனியாக, தமிழ் தனியாகப் பேசினால் வியப்பாக இருக்கும் அளவுக்கு எழுதும். நாம் அப்படியா பேசுகிறோம்? போன வருடம் அக்கா கூப்பிட்டு அத்தையைப் பற்றிப் பதற்றமாக ஏதோ சொன்னாள். திரையில், "அத்தைக்கு சுவர் ஏறிடுச்சு, முன்னூறு தாண்டிடுச்சு" என்று வந்தது. எண்பது வயது அத்தை எந்தச் சுவரில் ஏறினாள், எந்த முன்னூறைத் தாண்டினாள் என்று குழம்பி, கடைசியில் அந்த முன்னூறுதான் என்னைக் காப்பாற்றியது. சுகர். ஆறு வருடப் பழக்கத்தில் நான் கற்றது, எழுத்தை அப்படியே நம்பாமல் காதில் விழுந்த அரைகுறையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். முழுக்கக் கேட்காதவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை என்பதை மறந்துவிட்டு இந்தச் செயலிகளைப் புகழக் கூடாது. எண்களில் மட்டும் இது என்னைவிடக் கெட்டி: ஃபைவ், நைன் தகராறு பாதிக்குமேல் தீர்ந்தது.

தீராதது மறுமுனையில் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு ஒரு வங்கியில் முகவரி மாற்ற விண்ணப்பித்தேன். "வெரிஃபிகேஷன் கால் வரும், நீங்களே பேசணும்" என்றார்கள். மகள் பேசலாமா என்றால் கூடாது. எழுதித் தருகிறேன் என்றால் அதற்கு வழியில்லை. கால் வந்தது. கேள்வி திரையில் எழுத்தாகி நான் படித்துப் பதில் சொல்வதற்குள் மூன்று, நான்கு விநாடி ஆகும். அந்தத் தாமதத்தைப் பார்த்து, யாரோ பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அந்தப் பெண் சந்தேகப்பட்டு நிராகரித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கையில் இருந்த படிவத்தில் 'காது கேட்காதவர்' என்று ஒரு கட்டமே இல்லை. மூன்றாவது முறை நேரில் போய் உட்கார்ந்து முடித்தேன்.

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்து, வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கேஒய்சி முறைகளை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி மாற்ற 20 உத்தரவுகள் போட்டது. வழக்குப் போட்டவர்கள், அந்தச் சரிபார்ப்பில் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொன்னால் சிமிட்ட முடியாத அமிலவீச்சில் பாதிக்கப்பட்டவர்களும், பார்வையற்ற ஒருவரும். அதைப் படித்த அன்று அந்த வெரிஃபிகேஷன் கால்தான் நினைவுக்கு வந்தது. 2018 ஜூலையிலேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், வாடிக்கையாளர் சேவை மையங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. எனக்கு இன்னும் "ஒன்றை அழுத்தவும்" குரல்தான் வருகிறது. எதற்கு ஒன்று, எதற்கு இரண்டு என்பதைக் கேட்க வேண்டுமே!

டெலிவரிக்காரர்கள் எவ்வளவோ மேல். முகவரிக்குக் கீழே "காது கேட்காது, மெசேஜ் போடவும்" என்று எழுதி வைத்திருக்கிறேன். பத்தில் நான்கு பேர் அதையும் மீறிக் கூப்பிடுவார்கள், மீதி ஆறு பேர் போடுவார்கள். ஒரு பையன் வாசலில் வந்து, பேசாமல், தன் போனில் பெரிய எழுத்தில் "பார்சல் அண்ணா" என்று டைப் செய்து காட்டினான். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பழமொழி சொல்கிறவர்களுக்கு அந்தப் பையனைக் காட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, டவரும் இல்லை. நெட் இல்லாமல் செயலி செத்தது, சார்ஜ் இல்லாமல் மிஷின் செத்தது. வாசலில் படகோடு வந்தவர்கள் ஏதோ கேட்டார்கள், நான் நின்று அவர்கள் வாயையே பார்த்தேன். அதற்குப் பிறகு பட்டன் பேட்டரி போடும் பழைய மிஷினைத் தூக்கி எறியாமல், ஆரஞ்சு நிற 13ஆம் நம்பர் பேட்டரி அட்டை ஒன்றோடு பீரோவில் வைத்திருக்கிறேன். ஸ்டிக்கரைப் பிரிக்காத வரை அந்தப் பேட்டரி வருடக்கணக்கில் கெடாது. பிரித்ததும் காற்று பட ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள்.

அமெரிக்காவில் 1990 சட்டம் தொலைபேசி நிறுவனங்களை ரிலே சேவை நடத்த வைத்தது. நீங்கள் எழுதுவதை நடுவில் ஒருவர் படித்துச் சொல்வார், எதிர்முனை சொல்வதை உங்களுக்கு எழுதித் தருவார். என் ரிலே சேவை பத்து வயதிலிருந்து என் மகள். எல்ஐசி, கேஸ், பள்ளிக் கட்டணம், என் டாக்டர் என்ன சொன்னார் என்பது வரை அவள் வாய் வழியாகத்தான். குழந்தை கேட்கக் கூடாத சிலதையும் கேட்டிருக்கிறாள். இந்த ஜூனில் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். போகுமுன் என் போனில் ஒரு குறுக்குவழி போட்டுக் கொடுத்தாள்: 'கா' என்று அடித்தால் "வணக்கம். எனக்குக் காது சரியாகக் கேட்காது. கூப்பிட வேண்டாம், மெசேஜ் போடுங்கள்" என்று முழுதாக வரும்.

போன வாரம் வாஷிங் மெஷின் ரிப்பேர்காரருக்கு அதை அனுப்பினேன். பதிலுக்கு ஒரு வாய்ஸ் நோட் வந்தது. இரண்டாவது போனை எடுத்துப் பக்கத்தில் வைத்து, ஃபேனை அணைத்து, ஓடவிட்டேன். "சரிங்க சார், இனிமே மெசேஜே போடுறேன்" என்று எழுத்தில் வந்தது.