இறங்கும்போதுதான் தெரியும்

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு மலை ஏறிப் பழக்கம் இல்லை. கீரிமலை என்று பெயர் வைத்திருக்கிறோம். போய்ப் பார்த்தால் கேணியும் கடலும்தான். அப்படியான ஊரிலிருந்து 67 வயது அம்மா, எட்டு வயது மகன், மச்சாள், இவர், நான் என ஐந்து பேர் மாசியில் இரவு வான் ஒன்று பிடித்து வெளிக்கிட்டு நுவரெலியா போனோம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் நோ. அதனால் "எல்லோரும் நடக்கலாம்" என்று சொல்கிற பாதைகளாகத் தேடித்தான் போனோம்.

முதல் நாள் பின்னேரம் கல்வேஸ் லேண்ட். நுவரெலியா நகரத்தோடு ஒட்டிய 29 ஹெக்டேயர் காடு. தேசியப் பூங்கா என்கிறார்கள், எங்கள் ஊர்த் தோட்டவெளி ஒன்று இதைவிடப் பெரிதாயிருக்கும். சுற்றி வர இரண்டு கிலோமீற்றர் அளவு. பெரிய ஏற்ற இறக்கம் இல்லை, மரத்தடி ஈரமும் குருவிச் சத்தமும்தான். அம்மா எங்கும் இருக்காமல் முழுக்க நடந்தா. அவ்வளவுதான், அதற்கு மேல் அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்த நாள் ஹோட்டன் சமவெளி. விடிய நாலரைக்கு எழும்பி, பல்லுக் கிடுகிடுக்க வானுக்குள் ஏறினோம். வாசலில் பையைத் திறந்து பார்த்துப் பொலித்தீன் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபலைக்கூட உரித்தார்கள். தங்கிய இடத்தில் ரொட்டியையும் சம்பலையும் லஞ்ச் ஷீட் என்கிற பொலித்தீன் தாளில் சுற்றித் தந்திருந்தார்கள்; அந்தக் குளிரில் நின்று எல்லாவற்றையும் சாப்பாட்டுப் பெட்டிக்கு மாற்ற வேண்டியதாய்ப் போயிற்று. "வாழையிலை கொண்டு வந்திருக்கலாம்" என்று அம்மா நாலு தரம் சொன்னா. சோதனை நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். காடு துப்புரவாக இருக்கிறது.

நடைபாதை ஒரு வட்டம், 9.5 கிலோமீற்றர். தொடக்கத்தில் புல்வெளியூடாகப் போகும் பகுதி சமதரைதான். மரைகளை அங்கேயே கண்டோம். பாதை பிரியும் இடம் வரை அம்மா வந்தா. பிறகு மச்சாளோடு திரும்பிவிட்டா. அது புத்தியான முடிவு. நாங்கள் இடது பக்கமாகப் போய், முதலில் சின்ன உலக முடிவு, பிறகு பெரிய உலக முடிவு என்கிற இரண்டு மலைவிளிம்புகளையும் எட்டரைக்கு முதலே பார்த்துவிட்டோம். பெரியதில் 800 மீற்றருக்கு மேல் செங்குத்தாக விழும் பள்ளம். மகன் எட்டிப் பார்க்க, நான் அவனுடைய சட்டையைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பத்து நிமிடத்தில் பனிப்புகார் வந்து எல்லாம் வெள்ளையாகிவிட்டது. ஒன்பது மணிக்குப் பிறகு போகிறவர்கள் அந்த வெள்ளையைத்தான் பார்க்க வேண்டிவரும்.

ஆளைக் கொல்வது பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிப் பக்கம். வேரும் கல்லும் ஈரமுமாக இறங்க வேண்டும், பிறகு அவ்வளவையும் ஏற வேண்டும். றப்பர் செருப்போடு வந்த இரண்டு பேர் வழுக்கி விழுந்ததைக் கண்டேன். "இலகுவான நடை" என்று யார் சொன்னாலும் இந்த இடத்தை மறந்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். வட்டம் முடிக்க எங்களுக்கு நாலு மணித்தியாலம். இவருக்கு அடுத்த இரண்டு நாளும் தொடை பிடித்துப்போய், கதிரையில் இருந்து எழும்பவே ஏலாமல் இருந்தது.

என் வாக்கு எல்ல என்ற ஊரில் உள்ள சின்னச் சிவனொளிபாதமலைக்குத்தான். உயரம் 1141 மீற்றர். பேர்தான் பெரிசு, முக்கால்வாசி தேயிலைக்கு நடுவே போகும் ரோட்டு, கடைசியில்தான் படிகள். படி தொடங்கும் இடத்தில் அம்மா கல்லொன்றில் இருந்தா. கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு தோட்டத்துப் பிள்ளை நின்று பார்த்துவிட்டு, "கம்பு இல்லாம வந்துட்டீங்களே அம்மா. ஏறுறது ஒண்ணுமில்ல, எறங்குறப்பதான் முட்டிய புடிக்கும்" என்று தன் கையில் இருந்ததையே நீட்டினாள். "தாங்கோ பிள்ளை" என்று அம்மா வாங்கிக்கொண்டா. பிறகு ஒவ்வொரு படியாக, இருந்து இருந்து, உச்சி வரைக்கும் வந்தேவிட்டா! ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது, இளசுகள் அதில் பாதி நேரத்தில் ஏறுவார்கள். மேலே நின்றால் எதிரே எல்ல றொக், கீழே ராவணா எல்ல நீர்வீழ்ச்சி இருக்கும் இடுக்கு. இறங்கும்போது அந்தப் பிள்ளை சொன்னது அப்படியே நடந்தது. கம்பு இல்லாவிட்டால் அம்மாவை நாங்கள் தூக்கித்தான் கொண்டு வந்திருப்போம்.

ஒன்று சொல்ல வேண்டும். சக்கர நாற்காலியோடு வருகிறவர்களுக்கு இந்த மூன்றில் எதுவும் சரிவராது. நுவரெலியாவில் விக்டோரியா பூங்காவுக்குப் போங்கள், அங்கே பாதை ஒழுங்காக இருக்கிறது.

திரும்பும் வழியில் சீதா எலிய அம்மன் கோயிலுக்கும் போனோம். படியைக் கண்டதும் அம்மா எங்களைப் பார்க்கவில்லை, கம்பு எங்கே என்றுதான் கேட்டா.